களிமண் கொல்லையில் செயற்கைப் புல்: இறங்கும் தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் வீடு. பின்பக்கம் 20 அடிக்கு 30 அடி காலி இடம். மண் முழுக்கக் களி. ஒரு மழை பெய்தால் நாலு நாளைக்குத் தண்ணீர் நிற்கிறது. கொசு, சேறு, பிள்ளைகளை வெளியே விட முடியவில்லை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடித் தண்ணீரும் அங்கேதான் விழுகிறது. செயற்கைப் புல் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். நாலு அங்குலம் கிராவல் அடித்து, மட்டம் பண்ணி, மேலே புல்லை விரித்தால் போதுமாம். புல்லின் அடியில் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தானாக இறங்கிவிடுமாம். நம்பலாமா? எத்தனை மில்லிமீட்டர் புல் வாங்குவது? ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டுமா?
— மடிப்பாக்கம் வாசகி

பதில்: வணக்கம். அவர் சொன்னபடி செய்யாதீர்கள். செய்தால் முதல் ஐப்பசி மழையிலேயே புல்லுக்கு மேலே தண்ணீர் நிற்கும். வெயில் வந்தபின் நாற்றமும் வரும்.

புல்லில் ஓட்டை இருப்பது உண்மைதான். மாதிரித் துண்டைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பாகப் பூசிய அடிப்பக்கத்தில் ஏறத்தாழ ஒரு சாணுக்குள் இரண்டு மூன்று என்று பென்சில் கனத்துக்குத் துளை போட்டிருப்பார்கள். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் உடனே கீழே ஒழுகிவிடும். கடையில் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் கடையில் அந்தத் துண்டுக்குக் கீழே இருப்பது காற்று. உங்கள் கொல்லையில் இருப்பது களிமண். ஈரமான களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் உள்ளே விடும். ஆள் நடந்து, வண்டி ஏறி இறுகிப் போயிருந்தால் அதுவும் விடாது. வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டுவது சென்னைக்குப் புதிதல்ல. வரும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூட மண்ணுக்குள் போகாது.

அடுத்தது அந்த 'கிராவல்'. நம் ஊரில் கிராவல் என்று லாரியில் வந்து இறங்குவது செம்மண் கலந்த சரளை. ரோட்டுக்கும் மனை மேடேற்றவும் அது நல்ல சரக்கு. உருளையை ஓட்டினால் கல்லாக இறுகும் என்பதால்தான் அங்கே போடுகிறார்கள். இறுகுவதற்குக் காரணம் அதில் இருக்கும் மண். அந்த மண்ணே தண்ணீரையும் தடுக்கும். களிமண்ணின் மேல் கிராவலை அடித்தால் ஒரு மூடிக்கு மேல் இன்னொரு மூடி போட்ட கதைதான். கல் உடைக்கும் ஆலையில் மிஞ்சும் பொடியான க்ரஷர் டஸ்ட்டும் அப்படியே. காய்ந்திருக்கும்போது மணல் போலத் தெரியும், நாலு மழை நனைந்தபின் சிமென்ட் மாதிரி அமர்ந்துவிடும். உங்களுக்கு வேண்டியது மண்ணே கலக்காத, கழுவினாற்போன்ற வெறும் ஜல்லி.

வெறும் ஜல்லியும் தனியாகப் போதாது. இதை ஒரு கணக்காகப் பார்த்தால்தான் மனசில் நிற்கும். 600 சதுர அடியில் 4 அங்குலம் முக்கால் இஞ்சு ஜல்லி போட்டால் 200 கன அடி. ஒரே அளவு ஜல்லியில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பத்தில் நாலு பங்கு வெற்றிடம். அந்த இடுக்கில் 80 கன அடி, அதாவது சுமார் 2,250 லிட்டர் தண்ணீர் நிற்கும். உங்கள் கொல்லையில் மட்டும் பெய்யும் மழை என்றால் 4 சென்டிமீட்டரில் அது நிரம்பிவிடும். மொட்டைமாடித் தண்ணீரும் அங்கே விழுந்தால் ஒன்றரை சென்டிமீட்டரே போதும். களிமண்ணைத் தோண்டி ஜல்லி கொட்டுவது அடி ஓட்டை இல்லாத ஒரு தொட்டி கட்டுவதற்குச் சமம். நிரம்பிய தொட்டிக்கு வெளியேறும் வழி வைக்காவிட்டால் முன்பு வெயிலில் நாலு நாளில் வற்றிய தண்ணீர் இப்போது புல்லுக்கடியில் நிழலில் வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். செயற்கைப் புல் போட்ட வீடுகளில் 'சாக்கடை வாடை அடிக்கிறது' என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், புல் அல்ல.

ஆகவே புல்லைப் பற்றி யோசிக்கும் முன் இரண்டு வேலை.

முதல் வேலை மொட்டைமாடித் தண்ணீரைக் கொல்லையிலிருந்து பிரிப்பது. அந்தக் குழாயை மூடிய குழாயாகவே நீட்டி, மழைநீர் சேகரிப்புக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லா வீட்டுக்கும் அது கட்டாயம், உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு குழி இருக்கும். ஆனால் களிமண் பகுதியில் மூன்றடிக் குழிக்குள் உடைகல் போட்டது பெயருக்குத்தான். களிப்படலத்தைத் தாண்டி மணல் படுகைவரை இறங்கும் ஊறல் குழாய், அல்லது பழைய கிணறு இருந்தால் வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணறு, இவைதான் வேலை செய்யும். புல்லின் அடியிலிருந்து வரும் தண்ணீரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் இழைத் துணுக்கும் நாய் பூனை மூத்திரமும் கலந்த தண்ணீர் அது. குடிக்கிற நிலத்தடி நீருக்குள் அதை இறக்க வேண்டாம். மொட்டைமாடித் தண்ணீரைத் திருப்பிவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள் என்றுகூடச் சொல்வேன். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துபோகும் வீடுகள் நிறைய.

இரண்டாவது வேலை மட்டம் பார்ப்பது. கொத்தனாரிடம் இருக்கும் ட்யூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய், போதும். கொல்லைச் சுவரில் ஒரு கோடு, அதே மட்டத்தில் வாசல் கேட் தூணில் ஒரு கோடு. கொல்லைக் கோட்டிலிருந்து தரை எத்தனை அங்குலம் கீழே, கேட் கோட்டிலிருந்து தெரு மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடும் அடிமட்டம் எத்தனை அங்குலம் கீழே என்று அளந்து கழியுங்கள். வரும் விடைதான் இந்த வேலை நடக்குமா நடக்காதா என்பதைச் சொல்லும். எவ்வளவு வேண்டும்? கொல்லையின் மதில் ஓரம் புதைக்கும் குழாயின் அடிமட்டம் தொடக்கத்திலேயே தரைக்கு 12 அங்குலம் கீழே இருக்கும். 100 அடிக்கு ஓரடி வாட்டம் என்ற கணக்கில் 30 அடி மதில் ஓரத்துக்கு மூன்றரை அங்குலம், பக்கச் சந்து 40 அடி என்று வைத்தால் இன்னும் 5 அங்குலம். கூட்டினால் இருபதரை. கொல்லைத் தரையைவிட வடிகாலின் அடிமட்டம் 21 அங்குலமாவது தாழ்ந்திருந்தால் தண்ணீர் தானாக ஓடும்.

உங்கள் பகுதியில் ரோடு மேலே ரோடு போட்டு மனைகள் பள்ளமாகிப்போன தெருக்கள் பல. விடை 10, 12 அங்குலம் என்று வந்தால் தோண்டுவதைக் குறைத்துத் தளத்தை மேடாக்க வேண்டும். வீட்டுத் தரைமட்டத்துக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே புல் முடிந்தால் போதும், அந்த அளவுக்கு உயர்த்தலாம். அதற்கும் இடமில்லை என்றால் மூலையில் இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழத்தில் ஒரு சேம்பர் கட்டி, மிதவை சுவிட்சோடு அரை ஹெச்.பி. சேற்றுநீர் மோட்டார் வைக்கலாம். மணிக்கு 5 சென்டிமீட்டர் மழைக்கு உங்கள் கொல்லையிலிருந்து நிமிடத்துக்கு சுமார் 46 லிட்டர் வரும், அரை ஹெச்.பி. அதைத் தாராளமாக இறைக்கும். ஆனால் தெருவில் தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மோட்டார் மிகவும் தேவைப்படும் இரவில் அது ஓடாது. மோட்டாரை நம்பிப் போடும் புல்லை நான் அரை மனதோடுதான் சிபாரிசு செய்வேன். பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். அது தவறு, மழைநாளில் கழிவு திரும்பி உங்கள் வீட்டு டாய்லெட்டில் பொங்கும்.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். கார்த்திகையில் மழை விட்டு இரண்டு நாள் கழித்து இரண்டடிக் குழி ஒன்று தோண்டுங்கள். மழை இல்லாமலே அடியிலிருந்து தண்ணீர் ஊறி ஓரடிவரை ஏறினால் அது மேல்தண்ணீர் அல்ல, நிலத்தடி நீர். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரப் பகுதிகளில் இது நடக்கும். அப்படியானால் புல் யோசனையை விட்டுவிட்டு, கொல்லையை மேடாக்கும் யோசனைக்குப் போங்கள்.

மட்டமும் இந்தக் குழிச் சோதனையும் சரியாக வந்தால் வேலையை மாசியில் தொடங்கி வைகாசிக்குள் முடியுங்கள். களிமண் ஈரமாக இருக்கும்போது கை வைக்கக் கூடாது. ஈரக் களியில் காம்பாக்டர் (அதிர்ந்து தரையை இறுக்கும் இயந்திரம்) ஓட்டினால் அது இறுகாது, ரப்பர் மாதிரி எழும்பி எழும்பி அமரும். அதன்மேல் போட்டதெல்லாம் ஒரு வருடத்தில் குண்டும் குழியுமாகும். முற்றிலும் காய்ந்து விரல் நுழையும் வெடிப்பு விட்ட நிலையிலும் வேண்டாம். மழையில் அது மறுபடி உப்பி மேல்தளத்தைத் தூக்கும். முந்தின நாள் மாலை லேசாகத் தெளித்து, காலையில் பிடித்தால் உருண்டையாகும், கையில் ஒட்டாது என்ற பதத்தில் வேலை செய்ய வேண்டும்.

வீட்டுப் பக்கம் 5 அங்குலம், மதில் பக்கம் ஏழரை அங்குலம் என்று நூல் பிடித்துத் தோண்டச் சொல்லுங்கள். அந்த இரண்டரை அங்குல வாட்டம் களிமண்ணின் முகத்திலேயே இருக்க வேண்டும். மேலே ஜல்லியில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று கொத்தனார் சொல்வார், விடாதீர்கள். தண்ணீர் ஓடுவது ஜல்லியின் மேல் அல்ல, ஜல்லிக்கு அடியில் களிமண்ணின் முதுகில். அங்கே ஒரு குழி இருந்தால் அங்கே ஒரு குளம். வெட்டிய மண் உதிர்ந்து சுமார் 4 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வரும். அதை மதில் ஓரம் குவித்து வைக்காமல் அன்றே அப்புறப்படுத்துங்கள். ஒரு மழை வந்தால் அத்தனையும் கரைந்து வெட்டிய பள்ளத்துக்குள் வந்துவிடும்.

மதில் ஓரமாக ஓரடி அகலத்தில் வாய்க்கால். அதில் 4 அங்குல பி.வி.சி. குழாய். குழாயின் அடிப்பக்கம் இரு வரிசையாக, கடிகாரத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடங்களில், அரை அடிக்கு ஒன்றாக 8 மில்லிமீட்டர் துளை. துளை மேலே பார்க்கப் புதைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் குழாயின் உயரம் முழுக்கத் தண்ணீர் ஏறினால்தான் வடிய ஆரம்பிக்கும், அதுவரை 4 அங்குலம் எப்போதும் தேங்கி நிற்கும். துளையிட்டபின் பிசிறை உளியால் சீவிவிடுங்கள், அதில்தான் அழுக்கு மாட்டும். குழாய் கொல்லையை விட்டு வெளியேறும் மூலையில் ஒன்றரை அடிச் சதுரச் சேம்பர் ஒன்று, கையால் தூக்கக்கூடிய மூடியோடு. சந்து முழுக்கத் துளையில்லாத குழாய். தெரு வடிகாலில் விழும் இடத்துக்கு முன் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. தெரு நிரம்பினால் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் திரும்பாமல் அது தடுக்கும்.

தோண்டிய பள்ளம், வாய்க்கால் எல்லாவற்றின் மேலும் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) ஜியோ டெக்ஸ்டைல் துணி, தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்துவது. கம்பளி போல் ஊசியால் குத்திச் செய்தது வேண்டும், நெய்த கோணிச்சாக்கு மாதிரி அல்ல. துணிக்குத் துணி ஓரடி மேல்விழ விரித்து, ஓரங்களில் மேலே மடித்து ஏற்றினால் 75 சதுர மீட்டர் பிடிக்கும். இந்தத் துணி இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே ஜல்லி களிக்குள் அமிழும், களி ஜல்லிக்குள் ஏறும். இரண்டு வருடம் கழித்துத் தோண்டினால் கேக்கில் முந்திரிப் பருப்பு மாதிரி களிமண்ணில் பதிந்த ஜல்லியைத்தான் பார்ப்பீர்கள். களை வராமலிருக்க என்று பாலித்தீன் ஷீட் விரிப்பவர்களும் உண்டு. அது தண்ணீரையும் வர விடாது. பச்சை நிழல்வலையோ களியை நிறுத்தாது.

துணிமேல் 20 மி.மீ. ஜல்லி, வாய்க்காலுக்கும் சேர்த்து இரண்டரை யூனிட். லாரியில் வந்ததும் ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தால் இறக்கவிடாதீர்கள். இரண்டு தடவையாகப் பரப்பி ஒவ்வொரு தடவையும் ப்ளேட் காம்பாக்டர் ஓட்ட வேண்டும். அது வாடகைக்குக் கிடைக்கும். திமிசுக்கட்டையால் குத்துவது இந்தப் பரப்புக்கு ஒரே சீராக அமையாது. அதன்மேல் ஓரங்குலம் 6 மி.மீ. சிப்ஸ் எனும் சிறு ஜல்லி, 60 கன அடி. அதற்குமேல் எதுவும் வேண்டாம். 'கொஞ்சம் எம்-சாண்ட் தூவினால் மெத்தென்று இருக்கும்' என்பார்கள். அதிலுள்ள பொடி மழையோடு இறங்கி ஜல்லியின் இடுக்கையும் கீழேயுள்ள துணியையும் அடைக்கும்.

சுற்றிலும் 4 அங்குலக் கெர்ப் கல், அதாவது ஓரக்கல். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. புல் 2 மீட்டர் அகல ரோலாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். மூன்று பட்டை சேர்த்தால் 19 அடி 8 அங்குலம், உங்கள் 20 அடிக்கு 4 அங்குலம் போதாது. நாலாவது பட்டை வாங்கி அதில் கிட்டத்தட்ட முழுவதையும் வெட்டி எறிய வேண்டியிருக்கும். இருபக்கமும் கெர்ப் கல் போட்டால் உள்ளே 19 அடி 4 அங்குலம்தான், மூன்று பட்டையில் முடியும்.

புல் விரிக்கும் முன் ஒரு சோதனை. இதைப் பேசி எழுதிக்கொண்டு, மிச்சப் பணத்தை இதற்குப் பின் கொடுங்கள். வீட்டுப் பக்கமாக 1,000 லிட்டர் தண்ணீரைத் தொட்டியிலிருந்து திறந்துவிடச் சொல்லுங்கள். சேம்பரின் மூடியைத் திறந்து குழாய் வாயைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்து விழ ஆரம்பிக்க வேண்டும், முதலில் கலங்கலாக வந்து பிறகு தெளிய வேண்டும். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து நாலைந்து இடத்தில் சிப்ஸையும் ஜல்லியையும் கையால் விலக்குங்கள். துணி ஈரமாக இருக்கலாம், துணிமேல் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடத்தைப் பிரித்துச் சரிசெய்வது அன்றைக்கு ஒரு மணி நேர வேலை, புல் ஒட்டியபின் அது முழு வேலையையும் திரும்பச் செய்வது.

இனி நீங்கள் கேட்ட மில்லிமீட்டர். பிள்ளைகள் விளையாட 30 முதல் 35 மி.மீ. நன்றாக இருக்கும். 50 மி.மீ. பார்க்கப் பகட்டு, சீக்கிரம் படுத்துவிடும், மழைக்குப்பின் காயவும் நேரமாகும். உயரத்தைவிட இழையின் நெருக்கத்தையும் அடிப்பூச்சின் துளையையும் பாருங்கள். மூன்று பட்டையும் ஒரே தயாரிப்பு எண் கொண்ட ரோலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பச்சையில் பட்டைபட்டையாக வித்தியாசம் தெரியும். இழை சாயும் திசை மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். விரித்து இரண்டு மணி நேரம் வெயிலில் கிடத்தியபின் வெட்டினால் சுருக்கம் போகும். சேரும் ஓரங்களில் இரண்டு தையல் வரிசையை வெட்டி எடுத்துவிட்டு, கீழே ஓரடி அகல இணைப்பு நாடா வைத்துப் பசை போட வேண்டும். பசை காயும்வரை பனியும் மழையும் படக் கூடாது. வெறும் ஜல்லியில் ஆணி பிடிக்காது, அதனால் ஓரத்தைக் கெர்ப் கல்லின் உள்முகத்திலேயே பசையால் ஒட்டச் சொல்லுங்கள். கடைசியாக உருண்ட சிலிக்கா மணல், சதுர மீட்டருக்கு 6 கிலோ வீதம் மொத்தம் 330 கிலோ, காய்ந்த நாளில் தூவித் துடைப்பத்தால் இழைக்குள் இறக்க வேண்டும். அது புல்லை அமுக்கிப் பிடிக்கும், இழையை நிமிர்த்தியும் வைக்கும். கடல் மணல் வேண்டவே வேண்டாம்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசி நடுப்பகலில் செயற்கைப் புல்லின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிள்ளைகளின் வெறுங்கால் வெந்துபோகும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் ஆறும், திரும்பச் சுடும். பிள்ளைகளுக்காகப் போடுகிறீர்கள் என்றால் காலை பத்துக்குப் பின் மாலை நாலு வரை நிழல் விழும் பகுதிக்கு மட்டும் போட்டு, மிச்ச இடத்தில் இதே ஜல்லித் தளத்தின் மேல் இடைவெளி விட்டுக் கல் பதித்தாலும் தண்ணீர்ப் பிரச்சினை அதே அளவுக்குத் தீரும். வடிப்பது அடியிலிருக்கும் ஜல்லியும் குழாயும்தான், மேலே எது இருந்தாலும் அவை வேலை செய்யும்.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மாதிரி மழைக்கும் தெருவெள்ளத்துக்கும் இது பதில் இல்லை. வெள்ளம் வடிந்தபின் புல்மேல் வண்டல் படியும். அது காய்வதற்குள் பைப் பிடித்துக் கழுவித் தள்ளிவிட வேண்டும், காய்ந்தால் துளைகளை அடைத்துக்கொள்ளும். ஆவணி முடிவதற்குள் சேம்பரைத் திறந்து அடியில் சேர்ந்த சேற்றை அள்ளிவிட்டு, வால்வின் நாக்கு அசைகிறதா என்று ஒருமுறை விரலால் தள்ளிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை மரத்தை எடுக்க வேண்டாம். அதைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குத் தோண்டாமல், துணியும் ஜல்லியும் போடாமல் மண்ணாகவே விட்டு, கெர்ப் கல்லை வளைத்து வைக்கச் சொல்லுங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் மேடாக அணைத்துவிட்டால் மழைக்காலத்தில் வேர் அழுகாது. வேர் குறுக்கே வந்தால் கட்டைவிரல் கனத்துக்குள் இருப்பதை மட்டும் கூர்மையான கத்தியால் வெட்டலாம். அதைவிடப் பெரியது என்றால் குழாயை ஓரடி நகர்த்திக்கொள்ளுங்கள்.